பூக்குழிச் சாம்பல்

பஸ்ஸை விட்டு இறங்கிய உடனேயே எனக்கு அந்த வாடை அடித்தது. வேப்பங்கட்டைப் புகை என்றால் கண் எரியும், தொண்டை கசக்கும், அவ்வளவுதான். இது தீக்குச்சி மருந்தும் தாரும் கலந்த வாடை. டவுனில் காளவாசல் பக்கம் நான் வேலை பார்க்கிற பரிசோதனைக் கூடத்தில் தினமும் என் மூக்கில் ஏறுகிற வாடை. நிலக்கரி.

"என்னங்க, இங்க யாரு கரி எரிக்கிறா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் சூரியபிரகாஷ் ஒரு கையில் தேங்காய்ப் பையும் இன்னொரு கையில் மாலையுமாக எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். "பூக்குழிப் புகைடி. வந்து இறங்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?"

"பூக்குழிக்கு எதுக்குக் கரி?"

"கரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பள்ளம் பாத்து மெதுவா வா."

ஆறு மாத வயிற்றுக்காரி என்றால் எல்லோருக்கும் ஒரு எகத்தாளம்தான். சாம்பார் பிடிக்கவில்லை என்றாலும் மசக்கை, பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்ததற்குக் கத்தினாலும் மசக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பங்குனியில் காளியம்மனுக்குப் பூ மிதிப்பார்கள். குழி வெட்டிக் கட்டை அடுக்கி நெருப்பு வளர்ப்பது என் புகுந்த வீட்டு உரிமை. அதனால் ஊரில் எங்களுக்குக் குழி வீடு என்று பேர். பூ மிதித்து முடிந்ததும் குழியில் பால் தெளிப்பார்கள். ஆறிய சாம்பலை அள்ளிப் புதுத் துணியில் சலித்து, சாயங்காலம் திருநீறாகக் கொடுப்பார்கள். முதல் கை குழி வீட்டுக்கு. அந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவளுக்குத்தான். அங்கேயே ஒரு வாய் போட்டுக்கொண்டு, மீதியைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளை பிறக்கிற வரைக்கும் தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்குப் பின்னால்தான் ஊரில் உள்ள மற்ற பிள்ளைத்தாய்ச்சிகள், கைப்பிள்ளைக்காரிகள், சீக்காளிகள் எல்லோரும்.

சாமி இல்லை என்று பேசுகிறவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். இதற்கு முன்னால் ரெண்டு பிள்ளை எனக்கு வயிற்றிலேயே தங்காமல் போயிற்று. ரெண்டாவது போனபோது அதற்குக் கையும் காலும் இருந்தன. இந்தத் தடவை தங்கினால் பூ மிதிக்கிறேன் என்று என் மாமியார் மாயக்காள் வேண்டிக்கொண்டார். முதல் கை வாங்கிக்கொள்கிறேன் என்று நானும் பக்கத்தில் நின்று மனசாரக் கும்பிட்டேன். வேப்பங்கட்டைச் சாம்பலைத் தின்ன எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். அதற்காக எதையும் தின்றிருப்பேன்.

கோயில் திடலில் குழி தகதகவென்று கிடந்தது. பக்கத்தில் போகவிடாத அனல். காற்று வீசுகிற பக்கமாகப் போய் நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கட்டைக் கங்குக்கு நடுவே கறுப்புக் கட்டிகள். சில இடங்களில் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, மேலே நீலமாகச் சுவாலை ஓடியது. என் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை.

மாமியார் மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக வந்தார். விரதம் இருந்து முகம் வாடியிருந்தாலும் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "வந்துட்டியாத்தா. வெயில்ல நிக்காத, வேம்படிக்கு வா."

"அத்தை, குழியில கரி போட்டிருக்கா?"

"என்னத்தச் செய்ய. முந்தாநாளு அடிச்ச மழையில அம்புட்டுக் கட்டையும் ஊறிப்போச்சு. சீமெண்ணெய ஊத்துனாலும் பிடிக்கல. குழி வீட்டுக்காரி நெருப்பு வளக்கலேன்னா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? எந்தம்பிதான் டிராக்டர்ல கரியக் கொண்டாந்து கொட்டி மானத்தக் காப்பாத்துனான்."

அவர் தம்பி சிவபாண்டி, எனக்குச் சித்தப்பா முறை, ஊருக்கு வடக்கே செங்கல் சூளை வைத்திருக்கிறார். போன மாதம் மலிவாக வந்தது என்று ஒரு லோடு கரி வாங்கினார். கல் சரியாக வேகவில்லை. கரியில் சூடு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லு ஆத்தா என்று ஒரு பாலிதீன் பையில் என்னிடம் கொடுத்தனுப்பினார். பார்த்தேன். எரித்த சாம்பலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் முதலாளி அனந்தபத்மநாபன் சாரிடம் கேட்டு, உலோகமும் பார்த்துவிடுவோம் என்று மெஷினில் கொடுத்தோம். ஈயமும் ஆர்சனிக்கும் வந்த அளவைப் பார்த்து, சார் மெஷின்தான் தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே அளவு.

அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அந்தக் கரி வேண்டாம், சூளையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆகாது, விற்றவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "சரித்தா, நீ சொன்னா சரிதான்" என்றார். படித்த பெண் சொல்லைக் கேட்கிற மனுஷர் என்று அவரைப் பற்றி லேபில் பெருமையாக வேறு பேசினேன்.

இப்போது அவரைத் தேடிப் போனேன். சமையல் கொட்டகை ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கோயில் மாலை. உபயம் கொடுத்ததற்கு மரியாதை.

"சித்தப்பா, அது நான் வேணாம்னு சொன்ன கரியா?"

"அதே கரிதான்" என்றார், ஒளிக்காமல். "விக்கிறவன் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டான். நீதான சொன்ன, நம்ம ஆளுகளுக்கு ஆகாதுன்னு. அதான் அப்புறம் சூளையில ஒரு கட்டி போடல. கட்டை நனைஞ்சு அக்கா அழுகவும், சரி, ஆத்தாளுக்கே குடுத்துருவோம்னு தோணுச்சு."

"வெசம்னு தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"எந்த வெசம்டி ஆத்தா நெருப்புல நிக்கும்? சூளை நெருப்பு மனுசன் மூட்டுனது. இது அவ நெருப்பு. இதுல விழுந்தா எல்லாம் சுத்தந்தான்."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் ஏமாற்றவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். ஏமாற்றியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். நம்புகிறவரிடம் எதைச் சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். நிலக்கரி என்றால் வெறும் கரி இல்லை. மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் ஈயம், ஆர்சனிக், பாதரசம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கும். எரித்தால் கரி போய்விடும், இவை எரியாது. பாதரசம் புகையோடு ஏறிவிடும். ஆர்சனிக்கும் ஈயமும் கொஞ்சம் ஆவியாகிப் புகையில் போகும், கொஞ்சம் மாவு போன்ற பொடிச் சாம்பலில் வந்து படியும். ஒரு டிராக்டர் கரியில் பரவிக் கிடந்ததில் பெரும்பங்கு நாலைந்து மூட்டைச் சாம்பலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நெருப்பு அதைச் சுத்தம் பண்ணவில்லை, கூட்டித்தான் கொடுக்கிறது. இதையெல்லாம் சொன்னேன்.

அவர் மாலையைச் சரி செய்துகொண்டார். "எந்நேரமும் மெஷினு, மெஷினு. நல்ல நாளும் அதுவுமா வெசம் வெசம்னு சொல்லாதத்தா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுச் சொல்ற வார்த்தையா இது?"

அதற்குள் மேளம் முழங்கியது. பூ மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புகை அடிக்கிற பக்கம் கைப்பிள்ளையோடு நின்ற பொம்பளைகளை மட்டும், "இந்தப் பக்கம் வாங்க, அங்க நிக்காதீங்க" என்று இழுத்து இழுத்து விட்டேன். புகை பட்டால் நல்லது என்று ஒருத்தி என் கையை உதறினாள்.

மாமியார் தீச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியில் இறங்கினார். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன், கட்டைக் கங்கில் நாலு எட்டு வைத்து ஏறிவிடுவார்கள். கரி அப்படி இல்லை. உருகின கட்டிகள் காலில் ஒட்டும், சீக்கிரம் ஆறாது. நடுக்குழியில் அவர் முகம் கோணியது. ஆனால் நிற்கவில்லை, சத்தம் போடவில்லை. மேலே ஏறியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்காகச் சுட்டுக்கொண்ட கால் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு எம்புட்டுக் கோபமோ அம்புட்டுப் பாசமும் இருந்தது.

மத்தியானம் வீட்டில் அவர் காலைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு பாதத்திலும் கொப்புளம்.

"அத்தை, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்றேன். "ஒரு அண்டா ரசத்த ஒரு டம்ளரா வத்த வச்சா, உப்பு எங்க போகும்?"

"எங்க போகும், அதுக்குள்ளதான் கெடக்கும். வாயில வைக்க முடியாது."

"கரியும் அப்படித்தான். எரிஞ்சது எரிஞ்சு போச்சு. ஈயம் அம்புட்டும் சாம்பல்ல கெடக்கு. ஒரு நாள் தின்னா ஒண்ணும் தெரியாது. தெனம் ஒரு சிட்டிகை, பிள்ளை பெறக்குற வரைக்கும்னா, எங்க ரத்தத்துல சேந்து நேரா பிள்ளைக்குப் போகும். மூளையத்தான் பிடிக்கும். தங்காமலும் போகும்."

அவர் தண்ணீரில் காலை அசைத்துக்கொண்டே இருந்தார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏத்தா, ரெண்டு பிள்ளையப் பறிகொடுத்தோமே, அதுக எந்தச் சாம்பலத் தின்னுச்சு?" என்றார். "அப்ப எந்த மெஷினு வந்து சொல்லுச்சு உனக்கு?"

ஆஸ்பத்திரியிலும் காரணம் சொல்லவில்லை. அவர் குரலில் குத்தல்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் என் வீட்டுக்காரர் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மெதுவாகச் சொன்னார்: "செல்வி, நீ சொல்றத நான் நம்புறேன். நீ அதத் திங்க வேணாம்."

"அப்ப வந்து சொல்லுங்க, ஊருல."

"நான் சொன்னா யாரு கேப்பா? பாரு, இதுக்குச் சண்டை எதுக்கு? கையில வாங்கு. வாயில போடுற மாதிரி நடிச்சிரு. முந்தானையில தட்டி விட்டுரு. மீதிய டவுனுக்குப் போனதும் வைகையில கொட்டிருவோம். எங்கம்மாவுக்கும் நிம்மதி, நம்ம பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. என் பிள்ளை தப்பித்துவிடும். ஒரு நிமிஷ நடிப்பு. இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

கொஞ்ச நேரம் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பிள்ளை உள்ளே புரண்டது. எழுந்து கோயிலுக்குப் போனேன்.

சாமியாடி நல்லகாமன் வேம்படியில் உட்கார்ந்து சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார். புது வெள்ளைத் துணியைப் பானை வாயில் கட்டி, கையால் தேய்க்கத் தேய்க்க, கட்டி முட்டியெல்லாம் மேலே நின்றுவிட்டது. அடியில் மாவு மாதிரி இறங்கியது. எங்கள் லேபில் சல்லடையில் போட்டுப் பிரித்துப் பிரித்துப் பார்ப்போம். பொடி எவ்வளவு நைசோ, அவ்வளவு விஷம் ஒட்டியிருக்கும். கழிக்க வேண்டியதைப் பொறுக்கி எடுத்துத் திருநீறு ஆக்கிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். அவர் மீசையெல்லாம் சாம்பல் படிந்திருந்தது.

"அண்ணே, வாயைக் கட்டிக்கிட்டுச் சலிங்க. அதுல கரி கலந்திருக்கு, உடம்புக்கு ஆகாது" என்றேன்.

"காலையில இருந்து நீ சொல்லிக்கிட்டுத் திரியுறது எங்காதுக்கும் வந்துச்சு" என்றார். தலை நிமிரவில்லை. "நான் எடுத்துக் குடுக்குறவன்தான் தாயி. குழி வீடு முதல் கை வாங்கி வாயில போட்டாத்தான் அடுத்தாளுக்குக் குடுப்பேன். உங்க வீட்டுல பேசிக்க. எங்கிட்டப் பேசாத."

திரும்பும்போது எங்கள் தெரு அழகுபாண்டியின் பெண்டாட்டி எதிரே வந்தாள். தலைப்பிரசவம், எட்டு மாதம் இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இப்போதே வரிசைக்கு இடம் பிடிக்க வந்திருந்தாள். "அக்கா, நீங்க முன்னால, நான் உங்களுக்கு அடுத்து" என்று சிரித்தாள். கையில் சாம்பலை முடிந்துகொள்ளச் சின்னதாக ஒரு பட்டுத்துணி வைத்திருந்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம். திடல் நிறையக் கூட்டம். அம்மனுக்குத் தீபாராதனை ஆனதும் நல்லகாமன் பித்தளைத் தாம்பாளத்தோடு வந்து நின்றார். மேளம் அடித்தது. நான் முதலில். எனக்குப் பின்னால் அழகுபாண்டி பெண்டாட்டி. அவளுக்குப் பின்னால் சளி பிடித்து முனகுகிற கைப்பிள்ளையோடு ஒருத்தி. அப்புறம் யார் யாரோ, வேப்பமரம் வரைக்கும். என் வீட்டுக்காரர் என் தோளை ஒட்டி நின்றார்.

நல்லகாமன் என் வலது கையில் சாம்பலை வைத்தார். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருந்தது. இன்னும் லேசான சூடு.

"தட்டி விடு, யாரும் பாக்கல" என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்.

கையை வாய்க்குக் கொண்டுபோனேன். நடித்திருப்பேன். பின்னால் அந்தக் கைப்பிள்ளைக்காரி பிள்ளையிடம் பேசியது கேட்டது. "இந்தா, இந்தா வந்துருச்சு. ஆத்தா திருநீற நாக்குல வச்சா சளியெல்லாம் ஓடிப்போயிரும்." பிள்ளை நாக்கை நீட்டிப் பழகிக்கொண்டிருந்தது. நான் நடித்தால் அந்த நாக்கில் இது போகும். தினம் தினம் போகும். என் பிள்ளை தப்பித்ததற்குப் பேர் என்ன அப்போது?

திரும்பி நின்றேன்.

"இத யாரும் திங்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது கட்டைச் சாம்பல் இல்ல. கரிச் சாம்பல். இந்தக் கரிய நான்தான் சோதிச்சேன். இதுல ஈயம் இருக்கு, ஆர்சனிக் இருக்கு. வயித்துப் பிள்ளைக்கும் கைப்பிள்ளைக்கும் ஆகவே ஆகாது."

மேளம் நின்றது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றாள் ஒருத்தி. டவுனில் வேலை பார்க்கிற திமிர் என்றான் ஒருவன். சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. "அக்கா, உன் மருமகளக் கூட்டிக்கிட்டுப் போ. நான் என்ன ஊருக்கு வெசமா வச்சேன்?"

நல்லகாமன் தாம்பாளத்தை இறக்கவில்லை. "கையில வாங்கியாச்சு தாயி. வாயில போடலேன்னா உங்க வீட்டுக்கு இனிக் குழி இல்ல. அடுத்த வருசம் வேற வீட்டுக்காரன்தான் கட்டை அடுக்குவான். யோசிச்சுக்க."

சாம்பலைக் கீழே போடவும் தைரியம் இல்லை, கையை மூடவும் இல்லை. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் அசிங்கம்.

மாமியார் வந்தார். கொப்புளம் உடைந்த காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அறையவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். என் உள்ளங்கையிலிருந்த சாம்பலை ஒரு பொட்டு விடாமல் தன் கையில் கவிழ்த்துக்கொண்டார். முந்தானையால் என் கையை அழுத்தித் துடைத்தார், விரல் இடுக்கெல்லாம். பிறகு அந்தச் சாம்பல் முழுவதையும் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"முதல் கை எங்க வீட்டுக்குச் சேந்துருச்சு" என்றார், வாயில் சாம்பலோடு குழறியபடி. "அவளுக்குப் பதிலா நான் வாங்கிக்கிட்டேன். போதுமா நல்லகாமா?"

நல்லகாமன் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். குழி வீட்டு ஆள்தானே, முறை தப்பவில்லை. ஊர் மூச்சு விட்டது. மேளக்காரன் குச்சியைத் தூக்கினான். மாமியார் என் தோளை அணைத்து, "வா, வீட்டுக்குப் போவோம்" என்று வரிசையை விட்டு வெளியே தள்ளினார்.

என்னை நம்பிவிட்டார். மத்தியானம் நான் சொல்லும்போது தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாரே, அப்போதே நம்பிவிட்டிருக்கிறார். அப்படியே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

"அடுத்தாளு வா" என்றார் நல்லகாமன்.

அழகுபாண்டி பெண்டாட்டி பட்டுத்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

நான் நின்றுவிட்டேன். தோளிலிருந்து மாமியார் கையை எடுத்தேன்.

"அத்தை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். திருநீறுன்னு நம்பியிருந்தா அத எங்கிட்டயே விட்டுருப்பீங்க. எனக்காகத்தான வேண்டுனீங்க, எனக்காகத்தான கால் வெந்தீங்க. வெசம்னு நம்பித்தான பிடுங்கித் தின்னீங்க?"

அவர் முகம் அப்படியே நின்றது. உதட்டு ஓரத்தில் வெள்ளையாகச் சாம்பல் அப்பியிருந்தது.

"எம்பிள்ளைக்கு வேணாம். அந்தப் பிள்ளைக்கு?"

நல்லகாமனின் கை தாம்பாளத்துக்கு மேல் நின்றது. அழகுபாண்டி பெண்டாட்டி நீட்டிய கையை இழுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. என்னைப் பார்க்கவில்லை, என் மாமியாரையே பார்த்தாள். "பெரியம்மா?" என்றாள்.

மாமியார் அம்மனைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். சித்தப்பா கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் அக்கா என்பதுபோல் தலையை அசைத்தார். இனி அந்த மாலைக்கும் எங்கள் குழிக்கும் என்ன ஆகும் என்று மாமியாருக்குத் தெரியாதா. கடைசியில் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாங்காத ஆத்தா" என்றார். "நம்பித்தான் தின்னேன்."

அந்தப் பெண் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். கைப்பிள்ளைக்காரி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வரிசை எங்கே உடைந்தது, யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மாமியாரின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"துப்புங்க அத்தை. முழுங்காதீங்க. துப்புங்க."

அவர் தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆத்தா மண்ணில் துப்ப மாட்டேன் என்று கையால் தரையைக் காட்டி மறுத்தார். நான் என் முந்தானையை விரித்து அவர் வாய்க்கு நேரே ரெண்டு கையாலும் பிடித்தேன். அதில் துப்பினார்.